‘இன்னும் இல்லை’: யூதரிடையே சமய மீட்சியின் வரலாறு



ஒரு தலைமுறை தன் மரபை விட்டு விலகிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதனை யார் கற்பிப்பது? எப்படிக் கற்பிப்பது? இக்கேள்வியைக் கடந்த இருநூறு ஆண்டுகளில் மிகக் கடுமையாக எதிர்கொண்டவர்கள் யூத மக்கள். சமய ஒழுக்கத்தை விட்டுப் போன தம் மக்களை மீண்டும் அதன்பால் அழைத்துவர அவர்கள் மேற்கொண்ட முயற்சி ஒரு நெடிய வரலாறு. அதில் வெற்றியும் உண்டு, பிழையும் உண்டு, குடும்பங்கள் சிந்திய கண்ணீரும் உண்டு. கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நமக்கு அவ்வரலாற்றில் ஒரு பாடம் இருப்பதாக நான் கருதுகிறேன். அதனைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாற்றைக் காண்போம்.

விலகல் எவ்வாறு நேர்ந்தது?

யூத சமயம் நம்பிக்கையைவிட நடைமுறையை மிகுதியாக வலியுறுத்தும் சமயம். தோரா எனப்படும் திருநூலில் 613 கட்டளைகள் உள்ளன என்பது மரபு. எதை உண்பது, எதை உண்ணாதிருப்பது, நாளுக்கு மூன்று வேளை எவ்வாறு வழிபடுவது, வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை ஓய்வுநாளை எவ்வாறு காப்பது என அன்றாட வாழ்வின் ஒவ்வொரு நொடியையும் அக்கட்டளைகள் தொடுகின்றன. ஐரோப்பிய நகரங்களில் யூதர்கள் தனிச்சேரிகளில் அடைபட்டு வாழ்ந்த காலத்தில் இவ்வொழுங்கைக் காப்பது இயல்பாக இருந்தது. அண்டை வீட்டாரும் அதையே செய்தனர்.

1791இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு யூதருக்குக் குடியுரிமை வழங்கியது. 1871இல் ஒன்றிணைந்த ஜெர்மனியிலும் சட்டப்படி முழு உரிமை கிடைத்தது. கதவுகள் திறந்தன. பல்கலைக்கழகம், மருத்துவம், சட்டம், இசை, வணிகம் எனப் புதிய உலகம் அழைத்தது. சிலர் கிறித்துவத்திற்கே மாறினர். கவிஞர் ஹைன்ரிச் ஹைன 1825இல் திருமுழுக்குப் பெற்றார். பெரும்பாலோர் மதம் மாறவில்லை. பழைய ஒழுக்கத்தை மட்டும் சிறிது சிறிதாகக் கைவிட்டனர்.

கிழக்கு ஐரோப்பாவில் கதை வேறு. 1881 தொடங்கி உருசியப் பேரரசில் யூதருக்கு எதிரான வன்முறைகள் வெடித்தன. அன்று முதல் 1924 வரை ஏறத்தாழ இருபது இலட்சம் யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தனர். நியூயார்க்கின் தையல் தொழிற்சாலைகளில் வாரத்திற்கு ஆறு நாள் வேலை. ஞாயிறு மட்டுமே விடுமுறை. சனிக்கிழமை வேலைக்கு வர மறுத்தவர் திங்கட்கிழமை வேறு வேலை தேட வேண்டியிருந்தது. அவர்கள் கடவுளை மறுத்து ஓய்வுநாளை விட்டவர்கள் அல்லர்; பிள்ளைகளின் பசியை எண்ணி விட்டவர்கள்.

பாலத்தீனத்தில் குடியேறிப் பொதுவுடைமைப் பண்ணைகள் அமைத்த இளைஞர்களில் பலரோ கொள்கையின்பேரிலேயே சமயத்தைத் துறந்தனர். சோவியத் ஒன்றியத்தில் அரசே சமயப் பள்ளிகளை மூடியது. பின்னர், இரண்டாம் உலகப் போரின்போது நாசிகள் அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றனர். போலந்திலும் லித்துவேனியாவிலும் நூற்றாண்டுகளாகச் செழித்திருந்த சமயக் கல்விக்கூடங்கள் ஆசிரியரோடும் மாணவரோடும் அழிந்தன.

ஆக, விலகலுக்கு ஒரே காரணம் இல்லை. ஆசை, வறுமை, கொள்கை, அடக்குமுறை, படுகொலை ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதனை விளைவித்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வளர்ந்த யூதப் பிள்ளைகளில் பலருக்குத் தாத்தாவின் வழிபாட்டு நூலில் இருந்த எபிரேய எழுத்தே தெரியாது.

திரும்புதல் என்னும் சொல்

எபிரேய மொழியில் ‘தெஷுவா’ என்றொரு சொல் உண்டு. தவற்றுக்கு வருந்துதல் என்று அதற்குப் பொருள் கூறுவர். ஆயினும் அதன் வேர்ப்பொருள் திரும்புதல் என்பதேயாகும். அச்சொல்லுக்கு ‘விடை’ என்னும் பொருளும் உண்டு. அதனால் இன்றைய இஸ்ரேலில் சமய வாழ்வுக்குத் திரும்பியவரை விடைக்குத் திரும்பியவர் என்னும் பொருள்பட அழைக்கின்றனர். சமயத்தை விட்டுச் சென்றவரை வினாவுக்குத் திரும்பியவர் என்பர். மொழியின் இந்த விளையாட்டில் இரு தரப்பாரையும் மதிக்கும் ஒரு நயம் இருக்கிறது.

மனம் திரும்பியவர் நிற்கும் இடத்தில் குற்றமே செய்யாத நல்லோரும் நிற்க இயலாது என்னும் கருத்துத் தல்மூத் நூலில் காணப்படுகிறது. எனினும் நம் பேசுபொருளுக்கு அதைவிட முதன்மையானது வேறொரு கருத்து. அதுதான் ‘சிறைப்பட்ட குழந்தை’. சிறு வயதிலேயே பிறரால் கவரப்பட்டு வேற்று மக்களிடையே வளர்ந்த யூதக் குழந்தை கட்டளைகளை அறியாமல் மீறினால் அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்று தல்மூத் ஆராய்கிறது. 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் இக்கருத்தை விரித்தார். பெற்றோர் மரபுவழியை விட்டுச் சென்றபின் பிறந்து, அவர்களால் வளர்க்கப்பட்ட பிள்ளைகளும் சிறைப்பட்ட குழந்தைகளைப் போன்றவர்களே என்றும், அவர்களை இனிய சொற்களால் அணுகி அழைத்துவர வேண்டும் என்றும் தம் சட்டநூலில் எழுதினார்.

கல்லாதவன் குற்றவாளி அல்லன். அவனுக்குக் கற்பிக்கப்படவில்லை என்பதே இதன் சாரம். பிற்கால மீட்சி இயக்கங்கள் பலவும் தம் பணிக்குச் சான்றாக எடுத்துக்காட்டியது இக்கருத்தைத்தான்.

பிராங்க்பர்ட் நகரின் முதியோர் பள்ளி

இக்கருத்தைப் புதுமையான முறையில் கல்விக்கூடமாக வடித்தவர் பிரான்சு ரோசன்சுவைக். இவர் 1886இல் ஜெர்மனியின் காசல் நகரில், சமயப் பழக்கங்கள் மிகவும் குறைந்துபோன ஒரு செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். உறவினரும் நண்பரும் கிறித்துவராகியிருந்தனர். 1913இல் இவரும் அம்முடிவுக்கு வந்தார். ஆனால் அவ்வாண்டு அக்டோபரில் மனம் மாறி, யூதராகவே இருக்கத் தீர்மானித்தார். பெர்லினில் ஒரு சிறிய யூதத் தொழுகைக்கூடத்தில் கழுவாய் நாள் வழிபாட்டில் கலந்துகொண்டதே அதற்குக் காரணம் என்று பரவலாகக் கூறப்படுகிறது. முதல் உலகப் போரில் பால்கன் போர்முனையில் இருந்தபடியே அஞ்சலட்டைகளில் தம் மெய்யியல் நூலை எழுதி வீட்டிற்கு அனுப்பினார். ‘மீட்பின் விண்மீன்’ என்னும் அந்நூல் 1921இல் வெளிவந்தது.

பல்கலைக்கழகப் பதவியை நாடாமல், 1920இல் பிராங்க்பர்ட்டில் ‘சுதந்திர யூதக் கல்விக்கூடம்’ ஒன்றை இவர் ஏற்று நடத்தினார். அங்கு மருத்துவரும் வழக்கறிஞரும் வணிகரும் இல்லத்தரசியரும் மாணவர்கள். உலகியல் கல்வியில் உயர்ந்த அவர்கள் எபிரேயத்தில் அரிச்சுவடியே அறியாதவர்கள். மார்ட்டின் பூபர், கெர்ஷோம் ஷோலெம், எரிக் பிராம் போன்றோர் அங்குக் கற்பித்தனர். பழைய முறையில் திருநூலிலிருந்து தொடங்கி வாழ்க்கைக்கு வருவார்கள். இங்கோ மாணவர் நிற்கும் வாழ்க்கையிலிருந்து தொடங்கித் திருநூலை நோக்கிச் செல்ல வேண்டும் என்று ரோசன்சுவைக் வகுத்தார். மரபிலிருந்து விலகி நின்று திரும்பி வருபவரே இங்கு நல்ல ஆசிரியராகவும் இருக்க முடியும் என்று அவர் கருதினார்.

அவரைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று உண்டு. யூத ஆண்கள் வார நாள்களின் காலை வழிபாட்டில் திருநூல் வாசகங்கள் அடங்கிய சிறு கருநிறத் தோற்பேழைகளைக் கையிலும் நெற்றியிலும் வாரால் கட்டிக்கொள்வர். அவற்றைத் தெபிலின் என்பர். “நீங்கள் தெபிலின் அணிகிறீர்களா?” என்று ரோசன்சுவைக்கிடம் ஒருவர் வினவினாராம். அவர் ‘ஆம்’ என்றும் சொல்லவில்லை. ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. “இன்னும் இல்லை” என்றாராம்.

இந்த விடையில் பொய் இல்லை. நடிப்பு இல்லை. அதேவேளையில் கதவும் மூடப்படவில்லை.

1922இல் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோய் அவரைப் பற்றியது. பேச்சும் போயிற்று. மனைவி எடித்தின் துணையோடு எழுத்தெழுத்தாகக் குறிப்புணர்த்தி, பூபருடன் சேர்ந்து திருநூலை ஜெர்மன் மொழியில் பெயர்க்கும் பணியைத் தொடர்ந்தார். 1929இல் மறைந்தார். நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் பூபர் அக்கல்விக்கூடத்தை மீண்டும் திறந்தார். எங்கும் துரத்தப்பட்ட யூதருக்கு அது ஆறுதலளித்தது. 1938இல் அதுவும் முடிவுக்கு வந்தது.

தெருவுக்கு வந்த அழைப்பு

போருக்குப்பின் மீட்சிப் பணி அமெரிக்காவில் புதுவடிவம் பெற்றது. உருசியாவில் தோன்றிய ஹபாத் என்னும் பக்தி மரபின் தலைமை 1940இல் நியூயார்க் வந்து சேர்ந்தது. 1951இல் மெனாக்கெம் மெண்டல் ஷ்னெயர்சன் அதன் ஏழாம் தலைவரானார். பொதுவாகப் பழைமை பேணும் குழுக்கள் தம்மைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்ட காலம் அது. இவரோ தம் மாணவர்களை மதிலுக்கு வெளியே அனுப்பினார். இளம் தம்பதியர் தொலைதூர நகரங்களுக்குச் சென்று, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிப் பணியாற்றினர். இன்று நூறு நாடுகளுக்கு மேல் அத்தகையோர் உள்ளனர். நம் அண்டை நாடான சிங்கப்பூரில், வாட்டர்லூ தெருவில் 1878இல் திறக்கப்பட்ட தொழுகைக்கூடத்தைக் கொண்ட யூதச் சமூகத்திற்கும் 1990களில் ஹபாத் மரபைச் சேர்ந்த ரபி ஒருவர் பணிக்கு வந்தார்.

1967 சூன் மாதப் போருக்குச் சற்று முன்னர், தெபிலின் அணியச் செய்யும் இயக்கத்தை ஷ்னெயர்சன் தொடங்கினார். மாணவர்கள் தெருமுனையில் நின்று வழிப்போக்கரிடம், “மன்னிக்கவும், தாங்கள் யூதரா?” என்று கேட்பர். ஆம் என்றால் அங்கேயே இரண்டு நிமிடத்தில் தெபிலின் அணிவித்து ஒரு சிறு வேண்டுதலைச் சொல்லச் செய்வர். 1974இல் பெண்களும் சிறுமியரும் வெள்ளி மாலை ஓய்வுநாள் விளக்கேற்றும் இயக்கம் தொடங்கியது.

613 கட்டளைகளையும் ஏற்றால்தான் யூதன் என்று அவர்கள் நிபந்தனை விதிக்கவில்லை. ஒன்றைச் செய்தாலும் அந்த ஒன்று முழுமையானதே என்றனர். இதனைக் குறைகூறியவர்களும் உண்டு. பொருளறியாமல் செய்யும் சடங்கினால் என்ன பயன் என்று சிலர் வினவினர். நம்பாதவருக்குப் புனிதப் பொருளை அணிவிப்பது தகுமா என்று பழைமைவாதிகளே கடிந்தனர். இரண்டுமே எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல.

எருசலேமில் தொடக்கநிலை மாணவர்கள்

1967 போருக்குப்பின், 1948 முதல் யூதர் செல்ல இயலாதிருந்த எருசலேமின் மேற்குச் சுவர் இஸ்ரேல் வசமானது. உலகெங்குமிருந்து இளைஞர் அங்கு வந்தனர். அவர்களில் பலர் நீண்ட முடியும் முதுகுப்பையுமாக, ஆசியாவையும் ஐரோப்பாவையும் சுற்றிவிட்டு வந்தவர்கள். மெயிர் ஷுஸ்டர் என்னும் கூச்ச இயல்புடைய ரபி ஆண்டுக்கணக்காக அச்சுவரின் அருகே நின்று, அவர்களிடம் தாமே சென்று பேசினார். தங்க இடம் வேண்டுமா, ஒரு வகுப்பில் அமர்ந்து பார்க்க விருப்பமா என்று கேட்டார். இவர் 2014இல் காலமானார்.

அழைத்தால் மட்டும் போதுமா? அமர்த்துவதற்கு வகுப்பறை வேண்டுமல்லவா? மரபான சமயக் கல்லூரியில் சேரும் இளைஞன் சிறுவயது முதலே எபிரேயமும் அரமேயமும் பயின்றிருப்பான். இருபத்தைந்து வயதில் முதன்முதலாக எழுத்தைப் பார்ப்பவனுக்கு அங்கு இடமில்லை. இக்குறையைத் தீர்க்க 1970களில் புதிய கல்விக்கூடங்கள் எழுந்தன. பெண்களுக்கென 1970இல் நெவே எருசலாயிம் தொடங்கப்பட்டது. ஓர் சோமயாக் என்னும் கூடமும் அப்பதிற்றாண்டின் தொடக்கத்திலேயே உருவானது. 1974இல் நோவா வைன்பர்க் ஏஷ் ஹதோரா என்னும் கூடத்தை நிறுவினார். பட்டதாரிகள் அரிச்சுவடி வகுப்பில் நாணமின்றி அமர்ந்தனர். நாணம் இல்லாததற்குக் காரணம், பக்கத்தில் அமர்ந்தவரும் அதே நிலையில் இருந்தார்.

இஸ்ரேலிலும் அலை எழுந்தது. புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரும் நகைச்சுவைக் கலைஞருமான ஊரி சோஹர் 1970களின் இறுதியில் கலையுலகைத் துறந்து சமயக் கல்வியில் மூழ்கினார். பின்னர் ரபியாகி, 2022இல் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார்.

நூலைத் திறந்து வைத்தவர்

இவ்வரலாற்றில் என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானவர் அடின் ஸ்டைன்சால்ட்ஸ். 1937இல் எருசலேமில், சமயப் பற்றில்லாத பொதுவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். மகனுக்குப் பத்து வயதானபோது தந்தையார் தல்மூத் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை அமர்த்தினாராம். மகன் இறைநம்பிக்கை இல்லாதவனாக வளர்ந்தாலும் அவருக்குக் கவலையில்லை; கல்லாதவனாக வளரக் கூடாது என்பதே அவர் எண்ணமாம். பெற்றோர் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

அம்மகன் பின்னாளில் தாமாகவே சமய வாழ்வைத் தேர்ந்தார். தல்மூத் நூலின் மூலத்தில் உயிர்க்குறிகளும் இல்லை, நிறுத்தக்குறிகளும் இல்லை. ஆசிரியர் இன்றித் தொடக்கநிலை மாணவர் ஒரு பக்கத்தையும் கடக்க முடியாது. ஸ்டைன்சால்ட்ஸ் 1965இல் அதற்கு உயிர்க்குறியும் நிறுத்தக்குறியும் இட்டு, இக்கால எபிரேயத்தில் விளக்கவுரை எழுதத் தொடங்கினார். 45 ஆண்டுகள் உழைத்து 2010இல் முடித்தார். நூற்றாண்டுகளாக மாறாதிருந்த பக்க அமைப்பை மாற்றிவிட்டார் என்று பழைமைவாதிகளில் ஒரு சாரார் சினந்தனர். 1989இல் அவர் நூல்கள் சிலவற்றிற்கு எதிராகக் கடும் கண்டனமும் எழுந்தது. அவர் பணியை நிறுத்தவில்லை. 2020இல் இயற்கை எய்தினார்.

அவர் எவரையும் தெருவில் நிறுத்தி அழைக்கவில்லை. பூட்டியிருந்த நூலைத் திறந்து மேசைமேல் வைத்தார். படித்தபின் நம்புவதும் நம்பாததும் படித்தவர் உரிமை.

பிழைகளும் காயங்களும்

உண்மையைச் சொல்ல வேண்டுமாயின் நிழலையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, கற்பித்தலுக்குப் பதில் வியப்பூட்டல். தோராவின் எழுத்துகளைச் சம இடைவெளியில் எண்ணிக்கொண்டு போனால் பிற்காலத்து மனிதரின் பெயர்களும் நாள்களும் தென்படுகின்றன என்றொரு கருத்துப் பரவியது. 1994இல் புள்ளியியல் ஆய்விதழ் ஒன்றிலும் அதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. மீட்சிக் கருத்தரங்குகள் சிலவற்றில் இதனைத் திருநூலின் தெய்வீகத்திற்குச் சான்றாகக் காட்டினர். 1999இல் அதே ஆய்விதழில் வேறு அறிஞர்கள் அச்சான்று நிலைக்காது என்று விளக்கினர். அச்சான்றை நம்பித் திரும்பியவர்களின் நிலை என்ன? வியப்பின்மேல் கட்டிய நம்பிக்கை வியப்பு தீர்ந்ததும் ஆட்டம் காணும்.

இரண்டாவது, குடும்பப் பிளவு. திரும்பி வந்த மகன் தாயின் வீட்டில் உணவருந்த மறுக்கிறான். அவ்வீட்டுப் பாத்திரங்கள் சமய விதிப்படி அமையவில்லை. ஓய்வுநாளில் தந்தையின் தொலைபேசி அழைப்பை அவன் எடுப்பதில்லை. தங்கையின் திருமணம் சனிக்கிழமை நடந்தால் வருவதில்லை. பிள்ளையை இழந்துவிட்டோம் என்று பெற்றோர் அழுதனர். பெற்றோரை மதித்தல் பத்துக் கட்டளைகளுள் ஒன்று. சமயத்திற்குத் திரும்புவதாக எண்ணிக்கொண்டு சமயம் விதித்த கட்டளையையே சிலர் மீறினர். நல்ல ஆசிரியர்கள் இதனை உணர்ந்திருந்தனர். வீட்டுக்குப் போ, தாயோடு அமர்ந்து பேசு, உனக்கேற்ற உணவை நீயே கொண்டு செல் என்று மாணவருக்கு அறிவுறுத்தினர். மாணவனை விரைவில் ‘முழுமை’ ஆக்கிவிடத் துடித்த ஆசிரியர்களோ குடும்பத்தை முறித்தனர்.

மூன்றாவது, வந்தவரை ஏற்பதில் தயக்கம். அன்போடு அழைத்த சமூகங்களில் சில, வந்தவருக்குத் தம் வீட்டில் பெண் கொடுக்கத் தயங்கின. அவர்தம் பிள்ளைகளைத் தம் பள்ளியில் சேர்க்கவும் தயங்கின. மனம் திரும்பியவர் நிற்கும் இடம் உயர்ந்தது என்று நூல் சொன்னது; நடைமுறை வேறாக இருந்தது.

விளைவு என்ன?

எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் இவ்வியக்கம் பெரும்பான்மையரை மாற்றிவிடவில்லை. பியூ ஆய்வு நிறுவனம் 2020இல் அமெரிக்காவில் நடத்திய கணக்கெடுப்பில், யூதப் பெரியவர்களில் 27 விழுக்காட்டினர் தமக்குச் சமயம் இல்லை என்றனர். மரபு வழுவாத பிரிவினர் 9 விழுக்காட்டினரே. திரும்பி வந்தவர்களைப் போலவே விட்டுச் சென்றவர்களும் உண்டு.

எனினும் வேறொன்று நிகழ்ந்தது. முன்பு சிறுவயதிலேயே கற்றவருக்கு மட்டும் உரியதாயிருந்த நூல்கள் எவரும் தொடங்கத்தக்கனவாயின. முப்பது வயதில் அரிச்சுவடி கற்பது இழிவன்று என்ற எண்ணம் வேரூன்றியது. ஒரு சமூகத்திற்கு இது சிறு பேறு அன்று.

தொடக்கத்தில் சொல்வதாகக் கூறிய பாடத்திற்கு வருகிறேன். ‘இது கூடவா தெரியாது?’ என்று கேட்ட இடத்திற்கு எவரும் திரும்பவில்லை. ‘உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, வா, உட்கார்’ என்ற இடத்திற்கே வந்தனர். வந்தவர் நிலைத்தது, அவர் கையில் நூலைக் கொடுத்து, கேள்வி கேட்கவும் விலகிச் செல்லவும் உரிமை தந்த இடத்தில். மைமோனிடிஸ் சிறைப்பட்ட குழந்தை என்றார். ரோசன்சுவைக் தம்மையே அக்குழந்தையாகக் கண்டு, “இன்னும் இல்லை” என்றார்.

நம் வகுப்பறையிலும் வீட்டிலும் ஒரு பிள்ளை ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும்போது, அதனை நாம் ‘இன்னும் தெரியாது’ என்று கேட்கப் பழகுவோமாக. எஞ்சியதைப் பொறுமை பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியத் தோழமை